பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் தாங்கவில்லை. தண்ணீர் லாரி இரண்டு நாள் கழித்து இன்றுதான் வந்தது. எஸ்தருக்கு இரண்டு ஸ்பூன் கஞ்சி. அதற்கே மூச்சு வாங்கினாள்.

நர்ஸ் ஊசி போட்டுவிட்டு என்னைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டு, "இனிமே மாசக் கணக்குல பேச வேணாம் அங்கிள்" என்றது. இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

மதியம் எஸ்தர்: "ஏங்க, ஒண்ணு சொல்வேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"சர்ச் வண்டியில என்னைப் பின்னாடி தனியாப் போட்டு அனுப்பாதீங்க. ஒரு ஜன்னல்கூட இல்ல அதுல."

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தெரியாதா. முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட லிஃப்டில் ஏறியதில்லை இவள். மாடம்பாக்கத்தில் இந்த வீட்டை வாங்கும்போதும் முதல் மாடி என்பதால்தான் சரி என்றாள். கட்டில் ஜன்னலை ஒட்டி. பாத்ரூம் கதவைத் தாழ்போடாமல் குளிப்பாள். மூடிய இடம் என்றாலே நெஞ்சு அடைத்துப்போகும்.

அந்த வண்டியோ ரொட்டிக் கம்பெனியிலிருந்து வாங்கிய பழைய வேன். நான்கு பக்கமும் தகரம். சபைச் செயலாளர் என்ற முறையில் பேரம் பேசி வாங்கியவனும், வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல்லி, இறுதி ஊர்தி என்று பதிவு செய்தவனும் நானேதான். ஆர்.சி.யில் இருக்கை இரண்டு. டிரைவர், பக்கத்தில் ஒருவர். பின்னால் பெட்டி மட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் வரை எஸ்தர் பேசவில்லை. பிறகு ஒரே வாக்கியம். "செல்வி உள்ளே ஏறி உக்காந்தா, நீங்க இறக்கி விட்டீங்க."

ஜனவரி மாதம் நடந்தது. செல்வி சேலையூரில் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்பவள். ஒரே மகன் சைமன், பைக்கில் போனவன் வேளச்சேரி சாலையில் அடிபட்டுப் போனான். அடக்கத்தன்று பெட்டியை ஏற்றியதும் அவளும் பின்னால் ஏறி, பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ள தனியாப் போவ மாட்டான் சார்" என்றாள். நான் சொன்னது: "பின்னாடி ஆள் உட்கார அனுமதி இல்லம்மா. வழியில ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் வராது." இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து இறக்கினார்கள். ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தவள் எஸ்தர்.

பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்தவரை இந்தப் பிரச்சினை இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே நடந்து போய்விடுவோம். அது நிறைந்துவிட்டது. புதியது கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே. பாதி சிக்னலில் வண்டி ஒரு பக்கம், சொந்தக்காரர்கள் ஆட்டோவில் ஒரு பக்கம். பெட்டி தனியாகத்தான் போகிறது.

நான் சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம், மோட்டார் பிரிவு. எத்தனை வீட்டில் போய், "அவர் உட்கார்ந்த சீட் பாலிசியில இல்லீங்க" என்று சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்தச் செருப்பு.

எழுதிவைக்கிறேன். செய்ய வேண்டியவை:

1. கமிட்டி தீர்மானம். பக்கவாட்டில் ஒரு ஜன்னல், பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை.
2. பட்டறையில் வரைபடம்.
3. ஆர்.டி.ஓ. முன் அனுமதி. வெட்டுவதற்கு முன்னால்! பிறகு அல்ல.
4. வேலை. ஆய்வு. ஆர்.சி.யில் பதிவு.
5. வரி மாறுகிறதா, பார்க்க.
6. பாலிசியில் இரண்டு ஆளைச் சேர்க்க. பழைய ஆபீஸ் மூர்த்தி.
7. எஸ்தருக்கு மோர். உப்பு இல்லாமல்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி. மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. பொருளாளர் முதலில் கேட்டது: "ஜன்னல் எதுக்கு சார்? உள்ள இருக்கிறவங்க வேடிக்கை பாக்கவா?" இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்றது. கூட உட்காருபவருக்குக் காற்று வேண்டும் என்றேன்.

"அப்ப ஆள் ஏத்துற வண்டின்னு ஆயிடும். வரி ஏறும், இன்ஷூரன்ஸ் ஏறும். இத்தனை நாள் நீங்கதானே இதெல்லாம் சொல்லி வேணாம்னீங்க?"

வாஸ்தவம். மூன்று வருடமாக யார் கேட்டாலும் இதே வாயால்தான் வேண்டாம் என்றேன். போதகர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வீட்டு நிலைமை தெரியும். "செயலாளர் காகிதம் எல்லாம் சரியாப் பண்ணுவாரு, பண்ணட்டும்" என்று முடித்துவைத்தார். தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர்: "பரலோகத்து வாசல்லயும் நின்னு எந்தப் படிவம்னு கேப்பீங்க." ரொம்ப நாள் கழித்துக் கிண்டல்.

ஜூன் 18, புதன்

பட்டறைக்காரர் பாஷா பாய் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஜன்னல் இடது பக்கம், பாதி வரை நகர்த்தித் திறக்கும்படி. இருக்கை இரண்டும் பெட்டியைப் பார்த்தபடி, பெல்ட்டுடன். "வெட்டிடவா சார், நாளைக்கே முடிச்சிரலாம்" என்றார். அனுமதி வரட்டும் என்றேன். "அட இன்னா சார் நீங்க, எல்லாரும் வெட்டிட்டுத்தான் போறான்" என்று சிரித்தார்.

விண்ணப்பம் நானே நிரப்பி அனுப்பினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

மகள் பியூலா மேடவாக்கத்திலிருந்து வந்து இரவு தங்குகிறாள். சிறுசேரி ஆபீஸில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கையில் மறைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 25, புதன்

காலையில் கொஞ்சம் தூறல். மண் வாசனைகூட வரவில்லை.

விண்ணப்பம் திரும்பிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நேரில் போனேன். ஆய்வாளர் இளவயது, மரியாதையான மனிதர். திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், இருக்கை எண்ணிக்கை அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. டிரைவர் ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர், பின்னாடி ரெண்டு பேர். அஞ்சாவது யாரு?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. படுத்திருப்பவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

"அது... பெட்டியில இருக்கிறவங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இறந்தவங்க கணக்குல வர மாட்டாங்க சார். அவங்க ஆளும் இல்ல, சரக்கும் இல்ல. நீங்க அஞ்சுன்னு போட்டதால சிஸ்டம் இதைப் பயணிகள் வண்டின்னு எடுத்து, வரியே வேற கணக்குல போட்டிருச்சு. நாலுன்னு திருத்தி மறுபடி அனுப்புங்க. சீக்கிரம் பார்க்கறேன்."

எத்தனை பாலிசியில் தலை எண்ணியிருப்பேன் வாழ்நாளில். ஆனால் அன்று அந்த வரைபடத்தைப் பார்த்து எண்ணும்போது, நீளமாக நடுவில் போட்டிருந்த கட்டம் எனக்கு எஸ்தராகத்தான் தெரிந்தது. அவளை விட்டுவிட்டு எண்ண மனம் வரவில்லை. அதில் ஒரு வாரம் போய்விட்டது. வேறு யார் செய்திருந்தாலும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

அவளிடம் சொல்லவில்லை. "ஆச்சா?" என்றாள். நடக்கிறது என்றேன்.

ஜூன் 30, திங்கள்

அனுமதி வந்தது. எண்ணிக்கை நான்கு. இறுதி ஊர்தி என்ற வகை மாறவில்லை. வரி கொஞ்சம்தான் கூடுகிறது, பொருளாளருக்குப் போனில் சொன்னதும் ஆறுதல்.

வண்டியை டிரைவர் மணி பட்டறையில் விட்டான். இந்த நான்கு நாளில் யாரும் போகாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். யாருக்காக ஜெபித்தேன் என்று கர்த்தருக்குத் தெரியும்.

எஸ்தர் இன்று எதுவும் சாப்பிடவில்லை.

ஜூலை 5, சனி

வேலை முடிந்தது. எஸ்தரால் எழுந்து பார்க்க முடியாது, அதனால் போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன், மூக்கில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டேன்.

"திறக்குமா?"

"பாதி வரைக்கும்."

"சீட்டுல யாரு?"

"நானும் பியூலாவும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க ஜன்னலை மறைச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. தள்ளி உக்காருங்க."

சரி என்றேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று நிறுத்தினேன்.

ஜூலை 9, புதன்

ஆய்வு முடிந்தது. ஆய்வாளர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். ஆர்.சி. பதிவு இரண்டு நாளில்.

மூர்த்தியிடம் பேசினேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது அவனே மேனேஜர். "புது ஆர்.சி. காப்பி வந்த அன்னிக்கே பாலிசியில சேர்த்துடறேன் சார்."

எஸ்தர் பெரும்பாலும் தூக்கம். கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைகிறது.

ஜூலை 11, வெள்ளி

மாலை ஐந்தரைக்கு ஆர்.சி. பதிவாகிவிட்டதாகச் செய்தி. மூர்த்திக்கு உடனே அனுப்பினேன். ஆபீஸ் மூடிவிட்டது, திங்கள் காலை முதல் வேலை அதுதான் என்று பதில் போட்டான்.

எஸ்தர் காதில் சொன்னேன், எல்லாம் முடிந்தது, ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று. கேட்டதா தெரியவில்லை. கை சூடாக இருந்தது.

ஜூலை 12, சனி

காலை 5.40. எஸ்தர்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எழுதினால்தான் தலைக்குள் ஓடுவது நிற்கும்.

நேற்று காலை எட்டு மணிக்கே மூர்த்தியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டான். "சிஸ்டம் திங்கட்கிழமைதான் சார். நீங்க உக்காந்துட்டுப் போங்க சார், ஒரு மணி நேரம்தானே, யாரு கேக்கப் போறா?" முப்பத்து நான்கு வருடமும் இப்படிச் சொன்னவர்களின் ஃபைல்களைத்தான் நான் மூடியிருக்கிறேன். இருந்தாலும் போனை வைக்கும்போது, உட்காருவது என்றே முடிவு செய்திருந்தேன். இதை எழுதிவைக்க வேண்டும். சத்தியமாக முடிவு செய்திருந்தேன்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். நான்கு பேர் ஏற்றினார்கள். நான் சொல்லாமலே மணி ஜன்னலைத் திறந்துவைத்திருந்தான். பியூலா ஏறி உள் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பெட்டி மேல் கை வைத்தாள். அடுத்தது நான். படியில் கால் வைத்தேன்.

கூட்டத்தில் செல்வி நின்றிருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு என்ன காரணம் சொன்னேனோ அதே காரணம் அந்த நிமிடத்திலும் அப்படியே இருக்கிறது. இருக்கை வந்துவிட்டது, பெல்ட் வந்துவிட்டது, பாலிசியில் மட்டும் ஆள் இல்லை. அவள் பிள்ளைக்கு இல்லை என்றதை என் பெண்டாட்டிக்கு மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது? காலைக் கீழே இறக்கினேன்.

"பியூலா, இறங்கு" என்றேன்.

அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். "இறங்கும்மா. திங்கட்கிழமைதான் சேரும்."

"அப்பா, அம்மாப்பா."

"தெரியும். இறங்கு."

"அம்மாவுக்குமா ஃபைலு? அம்மாவுக்குமா?"

பெல்ட்டைக் கழற்ற அவளுக்கு வரவில்லை. நான்தான் உள்ளே எட்டிக் கழற்றிவிட்டேன். யார் முகத்தையும் பார்க்காமல் போய் அவள் சித்தப்பா காரில் ஏறிக்கொண்டாள்.

நான் முன்னால், மணிக்குப் பக்கத்தில். பாலிசியில் உள்ள இருக்கை. பெருங்களத்தூரில் நெரிசல், வண்டலூரில் நெரிசல். பின்னால் தடுப்புப் பலகை, எட்டிப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. மணி ஒரே ஒரு முறை, "சார், ஓரங்கட்டட்டா? பின்னாடி போறியா சார்?" என்றான். வேண்டாம் என்றேன். எஸ்தருக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். இருபது கிலோமீட்டர் தனியாகப் போனாள்.

ஜூலை 14, திங்கள்

பதினோரு மணிக்கு மூர்த்தி அனுப்பிவிட்டான். பின்னால் இரண்டு பேர், இன்று முதல் காப்பீடு. ஒரு பக்கம். படித்தேன். தப்பு எதுவும் இல்லை.

பியூலா மேடவாக்கத்துக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை.

மதியம் செல்வி வந்தாள். தூக்கில் ரசம், சோறு. உட்காரச் சொன்னதற்குத் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியைக் காட்டினேன். "இருக்கட்டும் சார்" என்றாள். எஸ்தர் கட்டிலைப் பார்த்தாள்.

"அக்கா அடிக்கடி எங்க வூட்டுக்கு வரும் சார், தெரியுமா? சைமன் போனதுலேர்ந்து. சும்மா வந்து உக்காந்துகினு இருக்கும். ஒண்ணும் பேசாது."

எனக்குத் தெரியாது. ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன் என்பாள்.

"ஏன் சார் பொண்ண எறக்கி வுட்டே?"

சொன்னேன். உள்ளதை உள்ளபடி. நீ நின்றிருந்தாய், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஏற முடியவில்லை என்று.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ சார். நான் அதுக்கா பாத்துகினு இருந்தேன்? அக்கா கூட ஆள் போவுதே, அதுவாச்சும் தனியாப் போவலியேன்னு பாத்துகினு இருந்தேன் சார்."

எழுந்து, தூக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சாப்பிடு சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என்னைவிட முட்டாள் ஒருவன் இந்தத் தாம்பரத்தில் இருக்கிறானா என்று தெரியவில்லை. நியாயம் செய்கிறேன் என்று நினைத்து, நியாயம் கேட்காத ஒருத்திக்காக, கேட்டவளைக் கைவிட்டிருக்கிறேன். எஸ்தர், என்னை மன்னி.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல மழை விடியற்காலையில். சாலையெல்லாம் தண்ணீர்.

பாலிசி நகலை வண்டியில் வைக்கச் சர்ச்சுக்குப் போனேன். பியூலா அங்கே. அடக்கப் பதிவேட்டின் நகல் வாங்க வந்திருந்தாளாம். என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது. காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். தேதியில் விரலை வைத்தாள்.

"ரெண்டு நாள்" என்றாள்.

"இடையில ஒரு வாரம் என்னாலதான் போச்சு" என்றேன். இறந்தவரைச் சேர்த்து எண்ணியதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. கேட்டுக்கொண்டே இருந்தவள் முந்திரி மரத்தடியில் அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். செல்வி வந்ததையும் சொன்னேன்.

பிறகு எழுந்து நேராக வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறினாள். உள் இருக்கை. பெல்ட் போட்டாள். நான் கீழே நின்றேன். "வாங்கப்பா" என்றாள். அப்பா என்று கூப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

ஏறினேன். ஜன்னலை மறைக்காமல் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேர் முட்டிக்கும் முன்னால் பெட்டி வைக்கும் தட்டு. துடைத்து வைத்திருந்தான் மணி.

அவனே வந்து எட்டிப் பார்த்தான். "எங்க சார்?"

நான் வாயைத் திறக்குமுன் பியூலா, "கூடுவாஞ்சேரிண்ணா. அதே வழியில" என்றாள். சபை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது நான் எழுதிய விதி. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

பெருங்களத்தூர். வண்டலூர். ஜன்னல் வழியே ஈரக் காற்று. பாலத்தின் மேல் ஏறும்போது மரங்களும் மேகமும் நன்றாகத் தெரிந்தன. படுத்திருந்தால் மேகம் மட்டும் தெரியும். பியூலா வழியெல்லாம் வெறும் தட்டின் மேல் கையை வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை முனகினாள், இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டது. பள்ளம் வந்த இடங்களில் தட்டு குலுங்கியது. நானும் பிடித்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மணி இன்ஜினை நிறுத்தினான். பியூலா இறங்கவில்லை. இறங்கு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மணி டீ குடிக்கப் போனான். உட்கார்ந்திருந்தோம்.